விளக்குக்காரர் பதில்கள்

மும்பை மாட்டுங்காவில் முப்பத்தைந்து வருடம் தமிழ் அமெச்சூர் நாடகங்களுக்கு லைட் போட்டவன் நான். பகலில் ஆபீஸில் கணக்கு எழுதினேன், சாயங்காலம் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பிடித்தேன். மேல்நாட்டு நாடகம் பற்றி வாசகர்கள் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள் என்று ஆசிரியர் சொன்னபோது, "நான் பேராசிரியர் இல்லையே சார்" என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்" என்றார். இந்த மாதம் வந்த கடிதங்களில் சில இதோ.

நாடகம் ஆரம்பித்ததும் ஹாலில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் முகம்கூடத் தெரிவதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்திலும் இப்படித்தானா?
(ஒரு வாசகர், டோம்பிவிலி)

இல்லை ஐயா. அவருடைய குளோப் அரங்கின் நடுமுற்றத்துக்குக் கூரையே கிடையாது. நாடகம் மத்தியானத்தில். நள்ளிரவில் ஹாம்லெட் தன் அப்பாவின் ஆவியைப் பார்க்கும்போது தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். யாராவது கையில் தீவட்டியோடு வந்தால் ராத்திரி என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்றவனுக்கு ஹாம்லெட்டும் தெரிவான், எதிர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் சீமானும் தெரிவான். அவர்களுக்கும் இவன் தெரிவான்.

அப்புறம் கூரை போட்ட அரங்குகள் வந்தன, மெழுகுவர்த்திகள் வந்தன. மேடைக்கு மேலே ஒரு கொத்து, ஜனங்களுக்கு மேலே ஒரு கொத்து. திரி கருகினால் அதைக் கத்தரிக்க ஓர் ஆள் காட்சி நடக்கும்போதே மேடைக்கு வருவான். நூறு மெழுகுவர்த்தியை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் ஏற்ற யாரால் முடியும்? அதனால் இருட்டு என்ற பேச்சே எழவில்லை. போதாக்குறைக்குப் பணக்காரர்கள் மேடை மேலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பாரிஸில் அவர்களைக் கீழே இறக்கியது 1759-ல்தான்.

1817-ல் லண்டன் ட்ரூரி லேன் அரங்குக்கு கேஸ் விளக்கு வந்தது. குழாய்களையெல்லாம் ஓர் இடத்தில் கொண்டுவந்து வால்வு வைத்தார்கள். ஒருவன் வால்வைத் திருகினால் முழு மேடையும் மங்கும். என் தொழிலுக்கு மூதாதை அந்த ஆள்தான். அடுத்து, சுண்ணாம்புக் கட்டியை எரிவாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி எடுத்த வெள்ளை வெளிச்சம், லைம்லைட். 'அவர் இப்போது லைம்லைட்டில் இருக்கிறார்' என்று சினிமாக்காரர்களைச் சொல்கிறோமே, அது இதுதான். கட்டி கரையக் கரைய ஓர் ஆள் பக்கத்திலேயே நின்று திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அவன் மேல் மட்டும் வெளிச்சம் விழாது.

ஜனங்களை இருட்டில் வைத்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தவர்களில் பெரிய ஆள், ஜெர்மன் இசைநாடகக்காரர் வாக்னர். 1876-ல் பைராய்ட்டில் தனக்கென்று அரங்கு கட்டி, வாத்தியக்காரர்களைப் பள்ளத்தில் ஒளித்து, ஹாலை இருட்டாக்கினார். அதுவரை சீமாட்டிகள் நாடகத்துக்கு வந்ததில் பாதி, ஒருவர் நகையை ஒருவர் பார்க்க. 1881 டிசம்பர் 8-ல் வியன்னாவின் ரிங் தியேட்டரில் கேஸால் தீப்பிடித்து முன்னூறு பேருக்கு மேல் செத்தார்கள். இருபதே நாள் கழித்து லண்டன் சவாய் அரங்கின் மேடைக்கு மின்விளக்கு வந்தது. அரங்கம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,200 பல்பு. ஜனங்களுக்குப் பயம் போகவில்லை. முதலாளி டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரியும் பல்பு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்து, துணி கருகவில்லை என்று காட்டினார். கைதட்டல் விழுந்ததாம்.

நான் தொழில் கற்றது உப்புத் தண்ணீர் டிம்மரில். பீங்கான் ஜாடியில் உப்புக் கரைத்த தண்ணீர், அடியில் ஒரு தகடு, மேலே கயிற்றில் ஒரு தகடு. கயிற்றைத் தளர்த்தினால் வெளிச்சம் ஏறும், இழுத்தால் மங்கும். மூன்றாவது காட்சிக்குள் தண்ணீர் கொதித்துவிடும். கதாநாயகி தேம்பும்போது பின்னாலிருந்து 'புஸ்' என்று ஆவி கிளம்பும். "உள்ளே காபி போடறாளா?" என்று முன்வரிசையில் ஒரு மாமி சத்தமாகவே கேட்டார். இருட்டில் இருந்ததால் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் ஊரில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களைப் பற்றிப் பாட்டி கதை கதையாகச் சொல்வார். வெள்ளைக்காரர்களிலும் அப்படி உண்டா அண்ணா?
(ஒரு வாசகி, செம்பூர்)

இங்கிலாந்தில் உண்டு அம்மா. ஜூலியட், டெஸ்டிமோனா, லேடி மேக்பெத் எல்லாருமே பையன்கள்தான். 1642-ல் பார்லிமெண்ட் நாடகத்தையே தடை செய்தது. பதினெட்டு வருடம் கழித்து இரண்டாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்ததும் அரங்குகள் திறந்தன. 1660 டிசம்பர் 8 அன்று லண்டனில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண் மேடையேறினார். ஒரு நாள் ராஜா நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார், திரை தூக்கவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "மகாராணி இன்னும் சவரம் பண்ணி முடிக்கவில்லை" என்று பதில் வந்ததாம். பின்னால் வந்த நடிகர் ஒருவர் எழுதி வைத்த கதை. உண்மையோ பொய்யோ, நம் கம்பெனிகளிலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

ஆனால் இத்தாலியில் கதை வேறு. அங்கே ஊர் ஊராகப் போன முகமூடி நாடகக் குழுக்களில் 1560-களிலேயே பெண்கள் இருந்தார்கள். பதுவாவில் பிறந்த இசபெல்லா ஆந்த்ரேயினி நடிகை மட்டுமல்ல, கவிஞர். 1604-ல் லியோனில் அவர் இறந்தபோது நினைவுப் பதக்கமே அடித்தார்கள். ஷேக்ஸ்பியர் லண்டனில் பையன்களுக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை!

நீங்கள் மும்பைக்காரர் என்பதால் ஒன்று. ஸ்திரீபார்ட் போட்ட மராத்தி நடிகர் பால கந்தர்வரை மறந்துவிடாதீர்கள். அவர் மேடையில் புடவை கட்டிய விதத்தைப் பார்த்து மராத்தி வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்ட காலம் உண்டு.

போன இதழில், குளோப் அரங்கம் 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சந்தேகமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், ஆண்டாப் ஹில்)

தப்புதான் சார், மன்னிக்கவும். பெருந்தீ எரித்தது தேம்ஸுக்கு வடகரையை. குளோப் இருந்தது தென்கரையில். அது எரிந்தது 1613 ஜூன் 29. எட்டாம் ஹென்றி பற்றிய நாடகம், ராஜா வருகிறார் என்று பீரங்கி வெடித்தார்கள், பொறி கூரை வேய்ந்திருந்த வைக்கோலில் விழுந்தது. ஜனங்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சாம்பல். ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்தது, கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்கள். அடுத்த வருடமே ஓட்டுக்கூரை போட்டுக் கட்டிவிட்டார்கள்.

உங்கள் துறைக்காரர்களுக்கு இதைவிட முக்கியமானது சிகாகோ இரோக்வாய் அரங்கம். தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்து திறந்து ஐந்து வாரம்தான். 1903 டிசம்பர் 30, ஒரு லைட்டிலிருந்து பொறி பறந்து திரைச்சீலை பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பூட்டிய கதவுகள், உள்பக்கம் திறக்கும் கதவுகள். 602 பேர். தள்ளினால் வெளியே திறக்கும் கம்பி வைத்த கதவு அதற்கப்புறம் வந்ததுதான்.

பொறி லைட்டிலிருந்து வந்தது என்பதால் எனக்கு அது உறுத்தும். எந்த ஹாலுக்குப் போனாலும் முதல் வேலை பக்கவாட்டுக் கதவுகளைத் தள்ளிப் பார்ப்பது. ஒரு ஹாலில் (பேர் வேண்டாம்) அவசர வழிக்கு முன்னால் மடக்கு நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதை நகர்த்திய பிறகுதான் அன்றைக்கு ஒயர் இழுத்தேன். நாடகம் முக்கால் மணி தாமதம். நான்தான் திட்டு வாங்கினேன்.

கல்லூரியில் 'பொம்மை வீடு' பாடம். நோரா கதவைச் சாத்திக்கொண்டு போனது ஐரோப்பாவையே உலுக்கியது என்கிறார் எங்கள் மேடம். ஒரு கதவில் என்ன சார் அப்படி இருக்கிறது?
(ஒரு மாணவி, மாட்டுங்கா)

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. கதவைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன்.

முதலில் அந்தக் காலத்து மேடையில் கதவு எப்படி இருந்தது என்று பார். ரொம்ப நாள் வரைக்கும் வீட்டு அறை என்றாலே பின்னால் ஓர் ஓவியத் திரை, இரண்டு பக்கமும் வரிசையாகத் தட்டிகள். நடிகர்கள் தட்டிகளுக்கு நடுவில், அதாவது சுவருக்குள்ளிருந்து, புகுந்து வருவார்கள்! மூன்று பக்கமும் சுவர் அடைத்து, கதவு வைத்து, நிஜ அறை மாதிரி மேடையை அமைத்தது லண்டனில் 1830-களில், மேடம் வெஸ்ட்ரிஸ் என்ற நடிகை நடத்திய அரங்கில் பரவலானது. அப்போதும் சுவர் துணிதான். ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1888-ல் தன் நாடகத்துக்கு எழுதிய முன்னுரையில் இதற்காகப் புலம்புகிறார். சாப்பாடு சரியில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தினால் வீடே அதிர வேண்டாமா, இங்கே துணிக் கதவு ஆடுகிறதே என்கிறார். நாடக ஆசிரியன் தச்சனிடம் கெஞ்சுகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

'பொம்மை வீடு' நார்வேக்காரர் இப்சனின் நாடகம்; புருஷனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறும் நோராவின் கதை. முதலில் மேடையேறியது 1879 டிசம்பர் 21, கோபன்ஹேகனில். புத்தகத்தில் கடைசி வரியை நன்றாகப் படி. நோரா சாத்துகிற கதவு மேடையில் இல்லை. அவள் அறையை விட்டுப் போய்விட்டாள், புருஷன் தனியாக இருக்கிறான், கீழேயிருந்து வாசல் கதவு சாத்தும் சத்தம் மட்டும் வருகிறது. ஜனங்கள் பார்ப்பது அவளை இல்லை, அவன் முகத்தை. ஹால் முழுக்க வெளிச்சமும் அரட்டையுமாக இருந்திருந்தால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது.

ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, நான் என் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன், அதனால் இந்த முடிவில் நடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது இப்சனுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. வேறு யாரோ கண்டபடி மாற்றுவதற்கு முன்னால் நானே மாற்றித் தருகிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அதில் புருஷன் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு நோராவைக் கூட்டிப் போகிறான், அவள் அங்கேயே சரிந்து விழுகிறாள். திரை. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னவரும் இப்சனேதான்.

எங்கள் குழுவும் இந்த நாடகத்தைத் தமிழில் போட்டது, எழுபதுகளின் கடைசியில். கதாநாயகி திரும்பி வந்து புருஷன் காலில் விழுந்தால் டிக்கெட் போகும் என்றார் ஒரு சபா காரியதரிசி. எங்கள் டைரக்டர் கேட்கவில்லை. முதல் நாள் அவள் கதவைச் சாத்தினாள். சுவர் காற்றில் ஆடியது, மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது, ஹால் சிரித்தது. பாவம், அந்தப் பெண் உள்ளே வந்து அழுதாள்.

அடுத்த முறை மேடையேற்றுவதற்கு முன்னால் நானும் தச்சரும் குர்லாவில் ஒரு பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த சால் (மும்பையின் வரிசைக் குடியிருப்பு) ஒன்றிலிருந்து வந்த தேக்குக் கதவு, சட்டத்தோடு. லோக்கல் ரயிலில் லக்கேஜ் டப்பாவில் ஏற்றி, மீன் கூடைகளுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். மேடைக்குப் பின்னால் சுவரில் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம், யார் கண்ணிலும் படாமல். நோரா போனாள். நான் வெளிச்சத்தைப் புருஷன் முகத்துக்கு மட்டும் இறக்கினேன். பத்து எண்ணிவிட்டுத் தச்சர் அந்தத் தேக்குக் கதவை அறைந்து சாத்தினார்.

ஒரு சிரிப்புக்கூட இல்லை. வாட்ச்மேன் மட்டும் யாரோ மெயின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று ஓடி வந்தான்.

பழைய கம்பெனி நாடகங்களில் அரண்மனைத் திரை, தெருத் திரை, காட்டுத் திரை என்று மாறி மாறி விழும் என்று தாத்தா சொல்வார். இதெல்லாம் நம் கண்டுபிடிப்பா?
(ஒரு வாசகர், முலுண்ட்)

இத்தாலியில் செர்லியோ என்ற கட்டடக் கலைஞர் 1545-ல் வெளியிட்ட நூலில் மூன்று மேடைப் படங்கள் இருக்கின்றன. சோக நாடகத்துக்கு அரண்மனைகள், இன்ப நாடகத்துக்குக் கடை வீடுகள் உள்ள தெரு, மூன்றாவது வகைக்குக் காடு. உங்கள் தாத்தா சொன்ன மூன்றும்தான்.

அவர்களுக்குப் பித்தே பிடித்திருந்தது, தூரத்தை எப்படிக் காட்டுவது என்று. விசென்சா ஊரில் பல்லாடியோ வடிவமைத்த ஒலிம்பிகோ அரங்கம் 1585-ல் ஈடிபஸ் நாடகத்தோடு திறந்தது. அவர் அதற்குள் காலமாகிவிட்டார், தெருக்களை ஸ்கமோட்ஸி செய்தார். மரமும் சாந்தும் வைத்துச் செய்த தெருக்கள், ஆழம் கொஞ்சம்தான், ஆனால் கண்ணுக்கு மைல் கணக்கில் நீளும். உள்ளே போகப் போக வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும். நடிகன் அந்தத் தெருக்கோடிக்குப் போனால் மட்டும் ஆபத்து, இரண்டு மாடி உயரம் இருப்பான்! அந்தத் தெருக்கள் இன்றும் அங்கேயே நிற்கின்றன.

அறுபது வருடம் கழித்து வெனிஸில் டொரெல்லி ஒரு யந்திரம் செய்தார். தட்டிகளையெல்லாம் மேடைக்கு அடியில் ஓடும் வண்டிகளில் பொருத்தி, கயிறுகளை ஒரே உருளையில் கட்டி, ஓர் எடையை விடுவித்தால் அரண்மனை போய்க் காடு வந்துவிடும், ஜனங்கள் கண் முன்னாலேயே. ஸ்வீடனில் ட்ரோட்னிங்ஹோம் அரண்மனை அரங்கில், 1766-ல் கட்டியது, இந்த மாதிரி யந்திரம் இன்றும் ஓடுகிறது. ராஜா கொலையான பிறகு அரங்கை மூடிப் பண்டசாலை ஆக்கிவிட்டார்கள். 1921-ல் ஒருவர் ஏதோ படம் தேடிப் போய்க் கதவைத் திறந்தால் தட்டிகள் அப்படியே நிற்கின்றன. அங்கே இடிச்சத்தத்துக்குக் கல் போட்ட மரப்பெட்டியை ஆட்டுவார்கள். நாங்கள் தகரத்தை ஆட்டினோம்.

அந்த மேடை வெள்ளைக்காரனோடு கப்பலேறி வந்தது. 1846-ல் இங்கே கிராண்ட் ரோடில் ஓர் அரங்கம் திறந்தார்கள். பார்சிக் கம்பெனிகள் அந்த மேடை அமைப்பை எடுத்துக்கொண்டு, ஓவியத் திரையும் தந்திரக் காட்சியுமாக நாடு முழுக்கச் சுற்றின. மதராஸ் பக்கமும் போயின. நம் கம்பெனிகள் அவர்களிடம் பிடித்துக்கொண்டன. ஆர்.எஸ். மனோகர் நாடகத்தில் தந்திரக் காட்சி பார்த்து வாயைப் பிளந்தீர்களே, அதற்குத் தாத்தாவுக்குத் தாத்தா டொரெல்லி.

செகாவின் 'செர்ரித் தோட்டம்' அழுகையா, சிரிப்பா?
(ஒரு வாசகி, சயான்)

எழுதியவர் காமெடி என்றார். 1904-ல் மாஸ்கோவில் போட்ட ஸ்டானிஸ்லாவ்ஸ்கி சோகமாக எடுத்துக்கொண்டு அழ வைத்தார். ஆறு மாதத்தில் செகாவ் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கு தீரவில்லை. சொத்து ஏலம் போகிற அன்றைக்கு வீட்டில் டான்ஸ் பார்ட்டி வைக்கிற குடும்பத்தைப் பார்த்து நான் சிரிப்பேன். எங்கள் வீட்டில் கேட்டால் வேறு பதில் வரும்.

ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட், நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைத்தான் காப்பி அடித்தார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார்.
(ஒரு வாசகர், கல்யாண்)

நண்பரிடம் ஆதாரம் கேளுங்கள். பிரெக்ட் பார்த்தது சீனத்து நடிகரை. 1935-ல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் ஒப்பனையில்லாமல், கோட்டு சூட்டோடு பெண் வேஷம் நடித்துக் காட்டினார். பிரெக்ட் பார்த்து அசந்துபோய்க் கட்டுரை எழுதினார். நடிப்பவர் தான் வேறு, பாத்திரம் வேறு என்று காட்டிக்கொண்டே நடிக்கலாம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கட்டியங்காரனுக்கு அது தினப்படி வேலை. ராஜாவைக் கூப்பிட்டுவிட்டு, அதே மூச்சில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டல் பண்ணுவான். ஒற்றுமை உண்டு, திருட்டு இல்லை.

எனக்குப் பிரெக்டைப் பிடிக்க வேறு காரணம். மேடைக்கு விளக்குப் போடுகிறவன் விளக்கை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். ஸ்பாட்லைட்டுகள் ஜனங்கள் கண்ணில் படட்டும் என்றார். முழுத் திரை வேண்டாம், பாதி உயரத்துக்கு ஒரு துணி போதும், பின்னால் சாமான் நகர்த்துவது தெரியட்டும் என்றார். வாக்னர் கொண்டுவந்த இருட்டில் ஜனங்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். எங்கள் ஊர்க் கூத்தில் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிக்கிற ஆள் துரியோதனன் பக்கத்திலேயே நின்று அடிப்பான். அவனை யாரும் ஒளிக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் ஐ.டி. வேலை. 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' தமிழில் போடப் போகிறோம். கையில் காசில்லை. லைட்டுக்கு என்ன செய்வது சார்?
(ஓர் இளைஞர் குழு, ஐரோலி)

காசில்லாதவர்களுக்கென்றே பெக்கெட் எழுதியது மாதிரி இருக்கும் தம்பி. 1953 ஜனவரி 5-ல் பாரிஸில் ஒரு சின்ன அரங்கில்தான் முதலில் போட்டார்கள். ஒரு பாதை, ஒரு மரம், சாயங்காலம். 1957-ல் அமெரிக்காவில் சான் குவென்டின் சிறைக்குள் போட்டார்கள். படித்தவர்கள் பலர் புரியவில்லை என்று நாற்காலியை விட்டு எழுந்துபோன நாடகம். கைதிகள் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேடைக்கு முன்னால் மேலேயிருந்து இரண்டு லைட், லேசான மஞ்சள். முழு அங்கத்துக்கும் தொடாதீர்கள், கை அரித்தாலும் தொடாதீர்கள். அங்கம் முடியும்போது மஞ்சளைச் சட்டென்று அணைத்து, பின்னால் நிலா. மெதுவாக மங்க வைக்கலாமே என்று உங்கள் டைரக்டர் சொல்வார், கேட்காதீர்கள். ஒரு நொடியில் ராத்திரியாகிவிட வேண்டும் என்றுதான் பெக்கெட் எழுதியிருக்கிறார். நிலாவுக்கு வீட்டு எல்.இ.டி. பல்பு, முன்னால் பட்டர் பேப்பர் போதும்.

மரத்துக்குக் கவலை வேண்டாம். 1961-ல் பாரிஸில் ஜியாகொமெட்டி மாதிரி பெரிய சிற்பியே மரம் செய்து கொடுத்தார். உங்களுக்கு ஒரு காய்ந்த கிளை, அடியில் சிமெண்ட் டப்பா. ஆனால் இரண்டாவது அங்கத்தில் அதில் நாலைந்து இலை வந்திருக்க வேண்டும், பேச்சே அதைப் பற்றி வரும். இடைவேளையில் இலை ஒட்டுவது யார் வேலை என்று இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஆளுக்கு ஆள் மற்றவர் ஒட்டுவார் என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டோம். இலையில்லாத மரத்தைப் பார்த்து நடிகர் 'இலை, இலை!' என்று அதிசயப்பட்டார்.